குட்டிப் பாதம் பதித்த அட்டைகள்

குறைமாதத்தில் பிறந்த என் மகனைக் குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிழைப்பானா என்று தெரியாததால் நான் சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்லவில்லை.

வெளியே காத்திருந்த தகப்பன்களில் ஓர் ஆட்டோ ஓட்டுநரும் இருந்தார். காக்கிச் சட்டை, தடித்த விரல்கள். அவருடைய மகளும் உள்ளேதான் இருந்தாள். அவரோ அழிரப்பரைக் குட்டிப் பாதமாகச் செதுக்கி, ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, வெட்டி வைத்த அட்டைகளில் நிதானமாகப் பதித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் கீழும் ‘எங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள்’ என்று எழுதினார்.

“வீட்டுக்கு வந்தப்புறம் அனுப்பலாமே?” என்று கேட்டேன்.

“வூட்டுக்கு வந்தாத்தான் பொறந்ததா சார்? அது பொறந்து நாலு நாள் ஆவுது. உள்ள தனியா மல்லுக்கட்டிகினு கீது. அது வந்துகீதுன்னு நானே சொல்லலேன்னா வேற யாரு சார் சொல்லுவா?”

கோணலாகப் பதிந்த ஓர் அட்டையை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்தார்.

இரண்டு வாரத்தில் அவர் மகள் வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே என் மகனும் வந்தான். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவர் பேசிய அன்றே, கீழே இருந்த போன் பூத்துக்குப் போய் அண்ணனை அழைத்தேன்.

“அண்ணா, எனக்குப் பையன் பொறந்திருக்கான்” என்றேன். அதுவரை அதை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.