கரண்டு கித்தாரும் பத்தடி ஒயரும்

பாட்டு வாத்தியார் என் மகளிடம், "உன் கித்தார் சத்தம் மூணாவது வரிசைக்குக்கூட எட்டாது பிள்ளே" என்று சொன்னபோது நான் மாதா கோயில் வாசலில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றேன். முழுதும் கேட்டேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. மகளுக்குப் பதினேழு வயது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிஸ்டர் பழைய மரக் கித்தாரைக் கொடுத்து அவளைப் பழக்கியிருந்தார். நான்கு வருஷமாகப் பழகியதில் அவள் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. கருவாடு கட்டுகிற எனக்கு உள்ளங்கை காய்த்திருந்தது, அவளுக்கு விரல் நுனி. அதனால் அவள் வாசிப்பு எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை. வேலை என்றுதான் நினைத்தேன். திருவிழாப் பாட்டுப் பூசையில் ஒரு தடவையாவது வாசிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். வாத்தியாரிடம் கேட்கவே இரண்டு வருஷம் தயங்கினாள்.

நான் அவர் அருகில் போனேன். "எட்டுறதுக்கு என்ன செய்யணும் வாத்தியாரே?"

"கரண்டு கித்தார் வேணும். மைக் செட்டுல சொருகி வாசிக்கணும். அதுவும் நல்ல சாமானா இருக்கணும். தகர டப்பா மாதிரி ஒண்ணத் தூக்கிட்டு வந்தா உள்ள விடமாட்டேன்."

"நல்ல சாமான் கொண்டு வந்தா?"

"இந்தத் திருவிழாவுலயே வாசிக்கட்டும்" என்றார் அவர். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியதை நான் பார்த்தேன். ஒருத்தர், "கருவாட்ட வித்துக் கித்தாரா?" என்று சிரித்தார்.

"வாத்தியாரே, கோயில் வாசல்ல நின்னு சொல்லுதீரு. சொல்லு மாறக்கூடாது."

"மாறமாட்டேன், போம்மா."

திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. என் வீட்டுக்காரர் கொழும்புத் தோணியில் போயிருந்தார். வீட்டுக்கு ஓடு மாற்றவென்று நான் சேர்த்துவைத்த காசு கையில் இருந்தது. இன்னொரு மழைக்கு வீடு ஒழுகினால் ஒழுகட்டும் என்று மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஊருக்குள் ஆர்மோனியமும் ரேடியோவும் விற்கிற கடை ஒன்று இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் ஒரு கரண்டு கித்தார் தொங்கியது. அதை எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் என் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்தார்.

"பையன் வரலியாம்மா?"

"பையன் இல்ல. இந்தா நிக்காள்லா, இவதான்."

அவர் தயங்கித் தயங்கி எடுத்துவைத்தார். நான் கையை நீட்டியதும், "தொடாதீய. கருவாட்டு வாடை ஒட்டிக்கிட்டா போவாது" என்றார்.

"பாட்டுல வாடை கேக்காது அண்ணாச்சி. இங்கன குடுங்க."

எங்கள் ஆட்கள் துடுப்பு வாங்கும்போது ஒரு நுனியைக் கண்ணருகில் வைத்து, மற்றக் கண்ணை மூடி, அதன் நீளத்துக்கும் பார்ப்பார்கள். வளைந்த துடுப்பு கையை முறுக்கும். என் அப்பா அப்படிப் பார்ப்பதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். கித்தாரும் எனக்குத் துடுப்பு மாதிரிதான் தெரிந்தது. அதன் அடியைத் தோளில் ஏற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நீளத்துக்கும் பார்த்தேன்.

"என்ன, துப்பாக்கியா சுடப்போறீய?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"கழுத்து கோணல் அண்ணாச்சி."

"கித்தார்னா அப்படித்தாம்மா இருக்கும்."

"எல்லாக் கித்தாரும் கோணலா, ஒம்ம கித்தார் மட்டும் கோணலா?"

மகள் அதை வாங்கி ஒரு கம்பியை மட்டும் கீழிருந்து மேல்வரை மீட்டிப் பார்த்தாள். பிறகு என் காதருகில் வந்து, "எம்மா, மேல போகப் போகச் சுருதி விலகுது" என்றாள். அதற்குமேல் அங்கே நிற்க என்ன இருக்கிறது?

அடுத்தது கடற்கரைச் சாலையில் ஒரு கடை. வெளிநாட்டுச் சாமான் விற்பார்கள். சென்ட், நைலான் சேலை, டார்ச் லைட், கேசட் பெட்டி, எல்லாவற்றுக்கும் நடுவில் சிவப்பாக ஒரு கரண்டு கித்தார். இரத்தினக் கல் மாதிரிப் பளபளப்பு. மகள் அதைப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மடியில் வைத்ததும் அவள் முகமே மாறிவிட்டது. கடைக்காரர் சின்னப் பெட்டி ஒன்றில் சொருகிக் கொடுத்தார். வாசித்தாள். சத்தம் கணீரென்று வந்தது. கழுத்தை நான் பார்த்தேன், நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"கப்பல்லருந்து நேரா இறங்குன சாமான். கை படாதது" என்றார் அவர்.

விலையைப் பேசத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஆணிகளைக் கவனித்தேன். எல்லாம் புத்தம்புதிதாக மின்னின. ஆனால் ஆணியைச் சுற்றியிருந்த தகட்டில் பழுப்பாக ஒரு வளையம் இருந்தது. பழைய ஆணி துருப்பிடித்து இருந்த இடத்தின் தடம் அது. ஒயர் சொருகுகிற ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுத் துழாவி, நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு. வேர்வை உப்பு வேறு, கடல் உப்பு வேறு. கடல் உப்பு கடைசியில் கொஞ்சம் கசக்கும். உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டுமா?

"அண்ணாச்சி, இது கப்பல்லருந்து இறங்குச்சா, விழுந்துச்சா?"

கடைக்காரர் அந்தத் தகட்டைத் துண்டால் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாதி விலைக்கு எடுத்துக்கோங்க" என்றார்.

"எம்மா, நல்லாத்தான வாசிக்குது" என்று மகள் என் சேலையைப் பிடித்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏளா, உப்பு உள்ள போன இரும்பு இன்னைக்குப் பாடும். திருவிழா அன்னைக்கு, அம்புட்டு சனம் முன்னால ஊமையாப் போச்சுன்னா? அந்த வாத்தியாரு சிரிக்கிறத நீ பாப்பியா, நான் பாப்பேனா?"

மடியிலிருந்து அதை நானேதான் வாங்கிவைத்தேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. நானும் இறங்கிப் போகவில்லை. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் முதன்முதலாக ஊர்முன் நிற்கும்போது அவள் கையில் இருக்கிற பொருள் அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

மூன்றாம் நாள் விடியற்காலைப் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். அங்கே இசைக் கருவி மட்டுமே விற்கிற கடை இருப்பதாகச் சிஸ்டர் சொல்லியிருந்தார். கடை இருந்தது, கரண்டு இல்லை. கடைக்காரர் கல்கத்தாவில் செய்த கித்தார் ஒன்றைக் காட்டினார். ஈர மண் மாதிரி ஒரு நிறம். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. கழுத்து நேர்தான். ஓட்டைக்குள் விரலை விட்டு ருசி பார்த்தேன், வெறும் மரத்தூள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இத்தன வருஷத்துல கித்தார நக்கிப் பாத்து வாங்குற ஆள இன்னைக்குத்தாம்மா பாக்குறேன்."

"இன்னும் வாங்கலியே. சத்தம் கேக்கணும்."

"கரண்டு எப்ப வரும்னு தெரியாது. எல்லாரும் கேக்காமத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

"நாங்க கருவாட்டையே மோந்து பாத்துத்தான் வாங்குவோம். நாங்க இருக்கோம்."

கடைப் படியில் உட்கார்ந்தோம். கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். வருகிறவர்கள் எங்களைத் தாண்டிக் கடைக்குள் போனார்கள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா" என்று கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் ஒரு சாண் தள்ளினேன். மூன்று மணிக்குமேல் உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. மகள் எழுந்து ஓடினாள்.

அவள் வாசிக்கத் தொடங்கியதும் தெருவில் சைக்கிளில் போனவர் ஒருவர் காலை ஊன்றி நின்றார். நான் மகளைப் பார்த்தேன். சிவப்புக் கித்தாரைப் பார்த்த முகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, வேலையில் இறங்கிய முகம். "இதுதாம்மா" என்றாள்.

கடைக்காரர் கூடவே ஒரு ஒயர் சுருளைக் கொடுத்தார். "பத்தடிதான் இருக்கு. நீளமானது கையில இல்ல" என்றார். பத்தடி போதாதா என்று வாங்கிக்கொண்டேன். அங்கேதான் நான் யோசிக்காமல் விட்டேன்.

எங்கள் கோயிலில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நடுவில் அகலமான நடைபாதை. பாடுகிற பெண்பிள்ளைகள் பெண்கள் பக்கம் நிற்பார்கள். மைக் செட் பெட்டி ஆண்கள் பக்கத்துத் தூணில் ஆணியடித்துப் பொருத்தியிருந்தது.

திருவிழா அன்று காலை வாத்தியார் கித்தாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டினார், மீட்டினார். குறை சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு அதை அவள் தோளிலேயே மாட்டிவிட்டு ஒயரைக் கையில் எடுத்தார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"இது அங்கிட்டு எட்டாதே" என்றார். "பொம்பளப் பிள்ளைய இங்கிட்டு நிறுத்த முடியாது. வழக்கம் அப்படி. ஒண்ணு செய்வோம். நல்ல சாமான்தான், ஒத்துக்கிடுதேன். என் மருமவன் இங்கன நின்னு வாசிக்கட்டும். உங்க கித்தார்னு பூசை முடிஞ்சதும் சொல்லிருவோம்."

மகள் தோள்வாரைக் கழற்றப் போனாள்.

"ஏளா, குடுக்காத."

அவள் முழங்கையைப் பிடித்து நடைபாதையைக் கடந்தேன். தூண் பக்கத்தில் அவளை நிறுத்தினேன். அவள் காலடியில், ஆண்களின் முதல் வரிசையில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கோயில் பாதி நிறைந்திருந்தது. எனக்குப் பின்னால் இருந்த முதியவர் ஒருவர் குனிந்தார்.

"ஏளா, வழி தவறி வந்துட்டியா?"

"இல்ல பெரியப்பா. ஒயர் வந்த வழியில வந்தேன்."

அவர் பக்கத்திலிருந்த யாரோ தும்மல் மாதிரிச் சிரித்தார். வாத்தியார் என் முன்னால் வந்து நின்றார். "இது சரியில்ல. எழும்புங்க."

"வாசல்ல நின்னு சொன்ன சொல்லு சரியா இருக்கட்டும், நான் எழும்புதேன். பிள்ளை தனியா நின்னாத்தான குத்தம்? தாயி கூடத்தான இருக்கேன். இல்லன்னா பெட்டியப் புடுங்கி அங்கிட்டு வையும்."

அதற்குள் மணி அடித்துவிட்டது. சாமியார் பீடத்துக்கு வந்து எங்கள் பக்கம் ஒரு முறை பார்த்தார். எழுந்து போகச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் தயார்செய்துகொண்டேன். அவர் சிலுவை அடையாளம் போட்டுப் பூசையைத் தொடங்கினார்.

மகள் ஒயரைச் சொருகினாள். முதல் பாட்டில் அவள் கை நடுக்கம் எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. இரண்டாவது பாட்டில் நடுக்கம் இல்லை. பெண்கள் பக்கத்துத் தலைகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. வாசலுக்கு வெளியே மெழுகுவர்த்தி விற்ற என் கூட்டாளி பூசை முடிந்ததும் ஓடிவந்து, "யாருளா வாசிச்சது? தேர் நிக்கிற இடம்வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். நான் வாத்தியாரைத் தேடினேன். அவர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மூணாவது வரிசைக்குக் கேட்டுச்சா வாத்தியாரே?"

அவர் அடுக்கிய புத்தகங்களையே கலைத்து மறுபடி அடுக்கினார்.

அடுத்த வருஷம் திருவிழாவுக்கு அவரே முப்பதடி ஒயர் ஒன்று வாங்கிவந்தார். அன்றைக்கும் நான் தூணடியில்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து மரியாதையாகவே சொன்னார், "இனி அங்கிட்டே நின்னு வாசிக்கலாம். நீங்களும் உங்க இடத்துக்குப் போயிரலாம்."

மகள் ஒயரை வாங்கிக்கொண்டு நடைபாதையைக் கடந்து போனாள். அவளுக்கு அவள் தோழிகள் பக்கம் நிற்கத்தான் பிடிக்கும்.

நான் கால் மாற்றிச் சம்மணம் போட்டுக்கொண்டேன்.

"ஒயர் நீளமாச்சுன்னா ஒயர் போவட்டும் வாத்தியாரே. எனக்கு இங்கன காத்து நல்லா வருது."