எங்கள் தோட்டத்துச் சிக்னல் மரம்

கொழும்பிலிருந்து ஒரு வீடியோக் கலைஞர் இன்று பலாபத்வலப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். இன்டர்நெட் என்பது நிலத்தில் எங்கெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது என்று டவர்களையும் கேபிள் கம்பங்களையும் படம் பிடிக்கிறாராம்.

“டவர் வர்றதுக்கு முந்தி இங்க அது மரத்துலதாங்க இருந்துச்சு” என்று மேட்டுக் கராம்பு மரத்தடிக்குக் கூட்டிப்போனேன்.

கொரோனா நேரம் அந்தக் கிளையில் மட்டும்தான் சிக்னல். ஒரு போனை சொப்பிங் பேக்கில் போட்டுத் தொங்கவிட்டு ஹொட்ஸ்பொட் போடுவோம். கீழே பிள்ளைகள் ஒன்லைனில் படிப்பார்கள். நாங்கள் ஊர்க்கதை பேசுவோம்.

“அதே மாதிரி ஒருக்கா கட்டிக் காட்டுறீங்களா?” என்றார் கலைஞர். என் போனைக் கட்டினேன்.

விறகோடு வந்த பக்கத்து லயத்து வீட்டுச் செல்வி அக்கா பதறிப்போனார். “என்ன புள்ள, டவர் விழுந்துருச்சா?”

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே பேச உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. டவர் வந்த பிறகு நாங்கள் காலையில் வாட்ஸ்அப்பில் பூப் படம் அனுப்புவதோடு சரி. உட்கார்ந்து பேசியது இன்றுதான். கலைஞர் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

இதை மகளுடைய போனில் எழுதுகிறேன். என்னுடையது இன்னும் கிளையில்தான் தொங்குகிறது. மேட்டுப் பக்கம் போகிறவர்கள் இருந்தால் எடுத்து வாருங்கள், இந்தப் பதிவின் கீழேயே சொல்லுங்கள்.

என் நம்பருக்கு மட்டும் அடிக்காதீர்கள். மரம்தான் எடுக்கும்.