கடுக்காய் உடைத்தபடி கேட்ட டாக்டர்

வெள்ளிமலைக்குப் போகக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. எங்கள் மேடம் டாக்டர் எஸ்தர் மலர்விழியின் தம்பி பேசினார். "சாந்திங்களா? அக்கா போயிட்டாங்க." எந்த ஊருக்கு என்று கேட்டேன். சிரிக்காதீர்கள். முந்தின நாள் மாலைதான் "காலையில லேட் பண்ணாத, முன்னாடி சீட்டு புடிச்சி வை" என்று என்னை விரட்டியவர் அவர். பக்கத்து இருக்கையில் போடுவதற்காகத் துண்டைக் கையில் தயாராக வைத்திருந்தேன். "நெஞ்சு வலிங்க. ஆஸ்பத்திரிக்குக்கூடப் போக முடியல" என்றார் தம்பி. பேருந்து வந்தது, போனது. நான் அங்கேயே நின்றேன்.

மேடத்தை அறிந்த எல்லோரும் எலவனாசூர்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது ஒன்றைத்தான். உங்களிடம் ஏதாவது சொன்னாரா? யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. ஊரில் உள்ள பெண்களின் நோவை எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிய மனுஷி, தன் நோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போவதா?

குத்தகை நிலம் உழுத குடும்பத்தில் பிறந்து, மகப்பேறு மருத்துவம் படித்தவர் அவர். டவுனில் கிளினிக் போட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். கல்வராயன் மலைப் பெண்களுக்குக் கரு ஏன் தங்குவதில்லை என்று ஆராயக் கிளம்பினார். தியாகதுருகத்தில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னையும் இழுத்துக்கொண்டார்.

முதல் சுற்றில் வீடு வீடாகப் போனோம். மருமகளைக் கேள்வி கேட்டோம். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "கரு கலைஞ்சிருக்கா?" "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க." எல்லா வீட்டிலும் இதே பதில். வேலை சுருக்க முடிந்தது என்று எங்களுக்குச் சந்தோஷம். நாங்கள் எழுதி வந்த பதில்களை எல்லாம் மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னா சாந்தி, ஒருத்திக்குக்கூடவா கலையல? இது அவங்க பதில் இல்ல, மாமியாருங்க பதில். தள்ளு எல்லாத்தையும். மறுபடி போலாம்."

"உங்களுக்கு இன்னா மேடம், மேடு ஏறி எறங்கறது எங்க காலு" என்று முனகினேன்.

"என் காலு மட்டும் வாடகைக்கு எடுத்ததா?" என்றார்.

மறுபடி போனபோது கடுக்காய்க் காலம். பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து, பொறுக்கி வந்த காயைக் கல்லால் தட்டிக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார்கள். மேடம் புடவையைச் செருகிக்கொண்டு சின்னப்பொண்ணு என்ற அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு கல்லை எடுத்தார். இரண்டாவது காயிலேயே கட்டை விரலை நசுக்கிக்கொண்டார். "டாக்டரம்மாவுக்கு ஊசிதான் லாயக்கு" என்று அக்கா சிரித்தார். மேடமும் சிரித்தார், ஆனால் எழவில்லை. வெகுநேரம் தட்டினார். பிறகு தலை நிமிராமல், சந்தை விலை கேட்பதுபோலக் கேட்டார்: "உனக்கு எதனா தங்காம போச்சாம்மா?"

"மூணு போச்சு" என்றார் அக்கா. "கடைசியா போனது பொண்ணு. மொகம் பாத்தேன்."

அக்காவின் கல் நிற்கவில்லை. மேடத்தின் கல்லும் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்தவர் பேசினார், அடுத்து இன்னொருவர். எனக்குத்தான் கை ஓடவில்லை.

இறங்கி வரும்போது மேடம் சொன்னார்: "பொம்பளைய நேரா பாத்து எப்படி இருக்கன்னு கேட்டா, நல்லாயிருக்கேன்னுதான் சொல்லுவா. கையில வேலை இருக்கறப்போ, மொகத்தப் பாக்காம கேளு." அதன்பிறகு எங்கள் குழுவுக்கு அதுதான் வழக்கம். துணி துவைத்தபடி கேட்டோம், சாமை புடைத்தபடி கேட்டோம். ஒரு கூட்டத்தில் யாரோ, மலைப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்றபோது மேடம் வெடுக்கென்று எழுந்தார். "முழிச்சிக்கினுதான் சார் இருக்காங்க. நாமதான் ஒழுங்கா கேக்கல." கர்ப்பிணிகளுக்கு மலையிலேயே ஸ்கேன் பார்க்க ஏற்பாடு செய்யும்வரை அவர் யாரையும் விடவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், விஷயத்தைச் சொல்ல நான் மட்டும் மலை ஏறினேன். அதே மரத்தடி. "டாக்டரம்மா எங்க?" என்று கேட்டார்கள். சொன்னேன். ஒரு கல்கூட அசையவில்லை.

சின்னப்பொண்ணு அக்கா மெதுவாகக் கேட்டார்: "நெஞ்சுதானா?"

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"போன தபா இங்க காய் தட்டிக்கினு இருந்தப்போ கேட்டேன், ஒடம்பு எப்படிம்மா கீதுன்னு. மேடு ஏறுனா நெஞ்ச அடைக்குது, தாடை வரைக்கும் இழுக்குதுன்னாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு எவ்ளோ சொன்னேன். இந்த வேல முடியட்டும், போறேன்னாங்க. யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினாங்க."

அட பாவி மேடம்! தினமும் நேருக்கு நேர் பார்த்து, எப்படி இருக்கீங்க என்று நாங்கள் கேட்டோமே. நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களே. நீங்கள் கற்றுக்கொடுத்த வழியில் உங்களைக் கேட்டவர் இந்த ஒருவர்தானா?

அக்கா ஒரு கல்லை என் பக்கம் தள்ளினார். நானும் தட்ட ஆரம்பித்தேன். கண்ணீரில் காய் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, தலை நிமிராமல் அவர் கேட்டார்: "உனக்கு எப்படி கீது சாந்தி?"

நல்லாயிருக்கேன் என்று வாய்வரை வந்தது. கை ஒரு காயைத் தட்டியது.

"மாசக் கணக்கா ரத்தம் நிக்காம போவுதுக்கா" என்றேன். வீட்டில்கூடச் சொல்லாததை அங்கே சொன்னேன்.

"நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு, பெரிய ஆஸ்பத்திரிக்கு. நானும் வரேன்" என்றார் அக்கா. "வேல முடியட்டும்னு மட்டும் சொல்லாத."

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது முகம் பார்க்காமல் கேட்கும் அந்தக் கேள்வியை. மறுநாள் அக்காவுக்காக, முன் இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடித்தேன்.