வேலை செய்யாத இரண்டாவது பிராசஸர்

அனிமேஷன் படிக்கும் மகளுக்காக, இரண்டு பிராசஸர் கொண்ட கம்ப்யூட்டரை வீட்டில் வைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு அதைத் தொம்மலூரில் ஒரு கடையில் சர்வீசுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்த பிறகு, நான்கு மணி நேரத்தில் முடிகிற வீடியோ வேலை ஏழே முக்கால் மணி நேரம் இழுத்தது. இரண்டு நேரமும் என் டைரியில் இருக்கின்றன.

மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். “மெஷினுக்கு வயசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க” என்றார். நம்பினேன். கல்லூரியில் படத்தை ஒப்படைக்க நேரம் போதாமல், கடைசி இரண்டு காட்சிகளை மகள் அழுதுகொண்டே வெட்டினாள்.

மறுநாள் வந்த அவள் தோழி, ஒரு பிராசஸர்தான் ஓடுகிறது என்று திரையில் காட்டினாள். சர்வீசின்போது விண்டோஸை மறுபடி ஏற்றுகையில், ஒரு பிராசஸரை மட்டுமே ஏற்கும் ஹோம் பதிப்பைப் போட்டிருக்கிறார் மெக்கானிக்!

டைரியோடு கடைக்குப் போனேன்.

“வீட்டு யூசுக்குத்தானே, இது போதும்னு நெனச்சேன் சார். டைம்கூடவா எழுதி வைப்பீங்க?” என்று சிரிக்கிறார்.

“நீங்க நெனச்சதுக்கு என் பொண்ணு படத்தை வெட்டினாளேய்யா!” என்றேன். சிரிப்பு நின்றது. சரியான பதிப்பை ஏற்றிக் கொடுத்தார். மகளின் படம் வெட்டுப்பட்டது பட்டதுதான்.

இப்போதெல்லாம் கடையிலேயே இயக்கச் சொல்லி, இரண்டு பிராசஸரும் திரையில் தெரிந்த பிறகே கம்ப்யூட்டரை எடுத்து வருகிறேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் நகர்வதில்லை.