கையுறையின் ஆள்காட்டி விரல்

இது நடந்தது 2006 வாக்கில், ஓசூர் தொழிற்பேட்டையில். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் அப்போது பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். இரும்புத் தகட்டை அச்சில் வைத்தால் மேலிருந்து பிரஸ் இறங்கி அடித்து வடிவம் கொடுக்கும். அந்த வேலையைச் செய்யும் பத்துப் பதினைந்து பேரை மேய்ப்பதுதான் என் வேலை. சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். பிழைப்புக்காகக் கர்நாடக எல்லை வரை வந்தவன். இந்த ஊர்க் குளிர் சீக்கிரம் பழகிவிட்டது. கூடவே வந்த முன்கோபம்தான் கடைசிவரை குறையவே இல்லை.

நாற்பத்திரண்டு வயதில் பிரஷர் வந்தது, தூக்கம் போனது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு மனதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்யாண மண்டபத்தில் முத்திரை வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு என் மனைவிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். விரலை மடக்கினால் வியாதி போய்விடுமா என்று வழியெல்லாம் கிண்டல் செய்தேன்.

"மடக்கித்தான் பாருங்களேன். எங்களை மிரட்டுறதுக்கு நீட்டுற விரல்தானே, பத்து நிமிஷம் சும்மா இருக்கட்டும்" என்றாள்.

அவள் சொன்னது பலித்தது. கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் மெல்லச் சேர்த்து, மற்ற மூன்று விரல்களை நீட்டி, மூச்சைக் கவனித்தபடி உட்கார்வது சின் முத்திரை. தினமும் அதைச் செய்தேன். மாத்திரையை நிறுத்தவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் தூக்கம் திரும்பி வந்தது, வீட்டில் சத்தம் குறைந்தது. அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. டீக்கடையில் நிற்பவன், கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவன் என்று கிடைத்தவர்களுக்கெல்லாம் விரல் மடக்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன்.

இது மேனேஜர் காதுக்குப் போனது. தொழிலாளிகளுக்கு டென்ஷன் குறையட்டும், தினமும் ஷிப்ட் தொடங்கும் முன் கேன்டீனில் பத்து நிமிடம் நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொருவர் விரலையும் பிடித்துத் திருத்துவேன். பிரஸ்ஸிலிருந்து வரும் பீஸை அளந்து பார்த்துத் தள்ளுபடி செய்கிற அதே கண்ணோடுதான் கைகளையும் பார்த்தேன்.

கடைசி வரிசையில் ஒருவர் உட்காருவார். தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம், ஜவளகிரி போகும் வழியில் ஏதோ கிராமம். என் வயதுதான் இருக்கும். காண்டிராக்ட்டில் பேக்கிங் பிரிவுக்கு வந்து இருபது நாள் ஆகியிருந்தது. பேக்கிங்கில் எல்லோருக்கும் துணிக் கையுறை உண்டு. மற்றவர்கள் வகுப்புக்கு வரும்போது கழற்றிவிடுவார்கள். இவர் மட்டும் கழற்றவே மாட்டார். தோலும் தோலும் தொட்டால்தான் முத்திரை என்று நான் நாலைந்து தடவை பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

அன்று எச்.ஆர். அதிகாரி வகுப்பைப் பார்க்க வந்து வாசலோரம் நின்றிருந்தார். அவர் முன்னால் என் வகுப்பு பிசிறில்லாமல் நடக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. நேராகக் கடைசி வரிசைக்குப் போனேன்.

"இது என்ன பேக்கிங் டேபிளா? கழட்டுங்க கையுறையை."

"நாளைக்கிக் கழட்டறேன் சார். இன்னிக்கி உட்டுருங்க" என்றார் மெதுவாக.

அவர் குரலில் இருந்த கெஞ்சல் என் காதில் விழவே இல்லை. எதிர்த்துப் பேசுகிறார் என்றுதான் பட்டது. குனிந்து, அவர் வலது கையைப் பிடித்து, கையுறையை நானே உருவிவிட்டேன்.

உள்ளே ஆள்காட்டி விரல் அடியோடு இல்லை. நடுவிரலில் பாதிதான் இருந்தது. என் கையில் இருந்த கையுறையில் மட்டும் ஐந்து விரல்களும் விறைத்து நின்றன. மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி அந்த விரல்களுக்குள் திணித்து வைத்திருந்தார். அதில் ஒரு சுருள் நழுவித் தரையில் விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்தார், என் கையிலிருந்து கையுறையை வாங்கினார், திரும்பவும் உள்ளே திணித்து மாட்டிக்கொண்டார். வாசலைப் பார்த்தேன், எச்.ஆர். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தக் கடைசி வரிசைக்காரர் வேலைக்கு வரவில்லை. காண்டிராக்டரின் ஆளைப் பிடித்துக் கேட்டேன்.

"இனிமே வர மாட்டாரு சார். விரல் இல்லாதவன எந்தக் கம்பெனி சேத்துக்குது? கையுறைய போட்டுக்கினு ஓட்டிரலாம்னு நாங்கதான் சொல்லி உட்டோம். நீங்க உருவிட்டீங்க" என்றான்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அந்த வாரம் முழுக்க முத்திரையில் உட்கார முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொடும்போதெல்லாம் அந்தக் காலி இடம்தான் கண்முன் வந்தது. ஒரு மனிதரின் சோற்றைத் தட்டிவிட்டேன், அதுவும் மன அமைதி சொல்லிக்கொடுக்கிறேன் பேர்வழி என்று.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போகவில்லை. தேன்கனிக்கோட்டைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து விசாரித்து விசாரித்து அவர் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். முந்தின வாரம் யானை இறங்கி மிதித்துப் போன ராகிக் காட்டில், தப்பித்த பயிரை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னை யாரோ பெரிய ஆபீசர் என்று நினைத்து, கன்னடத்தில் "ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பிட்டாயிற்றா எனக் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் களியும் குழம்பும் எடுத்து வந்து வைத்தார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், "அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க சார்" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். விரல் எப்படிப் போனது என்று கேட்டேன். இன்னொரு கம்பெனியில் பிரஸ் ஓட்டினாராம். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் ஒரு பட்டனை வெல்டிங் கம்பி கொடுத்து அடைத்துவிட்டால், ஒரு கையால் அமுக்கிக்கொண்டே மறு கையால் பீஸை எடுக்கலாம், வேலை வேகமாக ஓடும். அப்படி ஓடிய ஒரு நாள்தான் அது.

"கம்பிய யாரு வச்சது?" என்றேன்.

"நாந்தான் வச்சேன். சூப்பர்வைசர் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. அவரு கெட்டவரு இல்லீங்க சார். நல்ல மனுசன். உங்கள மாதிரிதான்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னார். நான் களித் தட்டைத் தள்ளி வைத்தேன். என் லைனில் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் அதே மாதிரி ஒரு கம்பி இருந்தது. ஒரு வருஷமாக இருந்தது. தினமும் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் கடந்து போனேன். காலையில் பத்து நிமிடம் விரல்களைச் சேர்த்து மூச்சு விடச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே விரல்களை அந்தப் பிரஸ்ஸுக்குக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்கும் முன் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸிலிருந்து கம்பியைப் பிடுங்கினேன். கொண்டுபோய் மேனேஜர் மேஜை மேல் வைத்தேன். இது ஒரு வருஷமாக எனக்குத் தெரியும் என்று சொன்னேன். இருபது நாளில் ஒரு பெட்டியைக்கூடத் தப்பாகக் கட்டாதவரை என் அதிகப்பிரசங்கித்தனத்தால் வெளியே அனுப்பிவிட்டோம், அவரைத் திரும்ப எடுக்காவிட்டால் இனி நான் வகுப்பு எடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். மேனேஜர் கத்தினார். எனக்கு மெமோ கொடுத்தார். அது நியாயம்தான், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த சில வாரங்கள் உற்பத்தி குறைகிறதென்று தினமும் பாட்டு வாங்கினேன். எது எப்படியோ, பதினைந்து நாள் கழித்து அவர் பேக்கிங்குக்குத் திரும்பி வந்தார்.

அன்று காலை கேன்டீனில் வழக்கம்போல் கடைசி வரிசையில், இரண்டு கையிலும் கையுறையோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சின் முத்திரைக்காகத் தயாராக இருந்தார்கள். "இனிமே மோதிர விரல்ல இருந்து ஆரம்பிப்போம். கட்டைவிரலோட அதைச் சேருங்க. நில முத்திரைன்னு பேரு. கையுறை போட்டுக்கிறதும் கழட்டுறதும் அவங்கவங்க இஷ்டம். எல்லாரும் கண்ணை மூடிக்குங்க" என்றேன். நானும் மூடிக்கொண்டேன். அதுவரை வகுப்பில் நான் கண்ணை மூடியதே இல்லை.

பத்து நிமிடம் கழித்துத் திறந்தபோது, அவருடைய கையுறைகள் இரண்டும் பக்கத்துப் பெஞ்சில் கிடந்தன. வலது கை முழங்கால் மேல் விரிந்திருந்தது. மோதிர விரலும் கட்டைவிரலும் தொட்டுக்கொண்டிருந்தன. அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போதும் தினமும் காலையில் முத்திரையில் உட்காருகிறேன், மாத்திரையும் போட்டுக்கொள்கிறேன். விரல்களைச் சேர்த்து நிம்மதி தேடச் சொல்வதற்கு முன்னால், அந்த விரல்கள் பத்திரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்பதை, நான் உருவிய அந்தக் கையுறை ஒவ்வொரு நாளும் எனக்கு நினைவுபடுத்துகிறது.