கிறேஃபெல்டில் ஒரு பிளக்

யாகோப்பும் மகள் பிறின்சியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காற்றுப்போன ஒரு ரியூப்புக்கு ஒட்டுப் போட்டது. பான் நகரில் அவர்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் நிலவறையில், ஒரு சனிக்கிழமை. சாதாரணச் சைக்கிள் என்றால் பத்து நிமிட வேலை. இது மின்சைக்கிள். மோட்டர் முன்சக்கரத்தின் நடுவிலேயே இருந்தது. வயரைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி, ஒரு பை அரிசியின் கனமுள்ள சக்கரத்தை இறக்கி எடுக்க வேண்டும்.

யாகோப்பின் பொறுப்பு ரோச் லைற் பிடிப்பது. அவர் பேசினால் கையும் சேர்ந்து பேசும். வெளிச்சம் கூரைக்குப் போனது, பக்கத்து வீட்டுக்காரரின் பனிச்சறுக்குப் பலகைகளுக்குப் போனது, நட்டுக்கு மட்டும் வரவில்லை.

"அப்பா, லைற்றை என்ர கைக்குப் பிடியுங்கோ. உங்கட கதைக்குப் பிடிக்காதேங்கோ."

"இருட்டிலை ஒரு நட்டுக் கழட்டத் தெரியாட்டி என்ன எஞ்சினியர் நீ?"

"போன முறை நீங்கள் வெளிச்சத்திலை பூட்டின வடிவைப் பாத்தனாங்கள்தானே."

போன முறை அவர் தனியாக, சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் பூட்டியிருந்தார். கால் முன்னுக்கு மிதித்தது, மோட்டர் பின்னுக்கு இழுத்தது. அதோடு தபால் நிலையம் வரை மல்லுக்கட்டிப் போய் வியர்த்து வழிந்து திரும்பி வந்தவர், "சரியான எதிர்க்காத்து" என்றார். அன்று வெளியே ஓர் இலை அசையவில்லை. பிறின்சி மின்பொறியியல் படித்தவள். சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டினாள். எதிர்க்காற்று நின்றது.

ஒட்டுக் காய்ந்ததும் அவள் கேட்டாள். "கொட்வின் மாமாவுக்கு ஃபோன் எடுத்தீங்களோ?"

வெளிச்சம் மறுபடி கூரைக்குப் போனது.

"நாளைக்குப் பூசை முடிய எடுக்கிறன்."

யாகோப்பு மன்னார் பேசாலைக்காரர். எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்தார். பான் மருத்துவமனை ஒன்றில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் 'பொறுப்பாக' இருந்தார். பொறுப்பு என்பது அவருடைய சொல். அந்தப் பொறுப்பின் கீழ் வேறு யாரும் வேலை செய்யவில்லை. "நான் ஒரு நாள் லீவு போட்டா பெரிய டொக்டர்மாரெல்லாம் சூப்பைக் கையிலை ஏந்தித்தான் குடிக்கவேணும்" என்பார். லீவு போட்ட நாட்களில் அப்படி எதுவும் நடந்ததாகத் தகவல் இல்லை.

மனைவி அன்ரனிற்றாவுக்கு மார்பில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, அதே மருத்துவமனையின் நடைபாதையில் நின்று அவர் ஒரு நேர்த்தி வைத்தார். அவள் எழும்பி நடந்தால் டச்சு எல்லையோரத்துக் கேவலார் மாதாவிடம் சைக்கிளில் வருவேன் என்பது அது. ஆவணியில் ஜேர்மனியின் மூலைமுடுக்குத் தமிழரெல்லாம் கேவலாரில் கூடுவார்கள். பஸ்ஸில் வருவார்கள், காரில் வருவார்கள், வேதக்காரரல்லாத சைவர்களும் பட்டுச்சேலையோடு வருவார்கள். பானிலிருந்து சைக்கிளில் யாரும் வந்ததில்லை.

"பஸ்ஸிலை வாறனெண்டு சொல்லியிருக்கலாமே அப்பா?"

"பஸ்ஸிலை எல்லாரும்தான் வருகினம். மாதா என்னை எப்பிடிக் கவனிக்கிறது?"

அன்ரனிற்றா எழும்பி நடந்தாள். யாகோப்பின் முழங்கால் ஏலாது என்றது. அதனால்தான் மின்சைக்கிள். ஓய்வுபெற்ற ஒரு ஜேர்மன்காரர், ஓடாமல் கிடந்ததை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்தார். பிறின்சி மோட்டரைத் திறந்து, பச்சை பூத்துப்போன இணைப்புகளைத் துப்புரவாக்கி, அறுந்த வயர் ஒன்றை மாற்றினாள். அது ஓடியது. உடனே வீட்டில் வேறு பிரச்சினை கிளம்பியது.

"மோட்டரிலை போறது என்ன நேர்த்தி?" என்றாள் அன்ரனிற்றா. "மாதாவை ஏமாத்திற வேலை."

"சைக்கிள் எண்டுதான் சொன்னனான். மோட்டர் இல்லாத சைக்கிள் எண்டு சொல்லேல்லை. மிதிக்காட்டி இது ஓடாது, தெரியுமோ?"

"அப்புக்காத்து மாதிரிச் சட்டம் கதையாதேங்கோ. உயிர் தப்பினது நான்."

வழியைப் பிறின்சி வகுத்தாள். றைன் நதிக்கரையாலேயே வடக்கே போய், கிறேஃபெல்டில் நதியை விட்டு மேற்கே திரும்பி, பிறகு நீர்ஸ் என்ற சின்ன ஆற்றின் கரைப் பாதையால் கேவலார். மாடு மேயும் புல்வெளி, பழைய நீராலைகள், லொறியே வராத பாதை. அவள் கணினியில் அச்சடித்த வரைபடத்தை யாகோப்பு ஒருமுறை பார்த்தார்.

"வடிவுதான். ஆத்தங்கரையிலை ஆர் சோறு தருவினம்?"

அவருடைய வரைபடம் வேறு. பற்றரி சார்ஜ் ஏற நாலைந்து மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் ஒரு வீட்டில் இருந்தால் சாப்பாடு போடாமல் அனுப்ப அந்த வீட்டுக்காரரால் ஏலாது. ஆகவே கேல்னில் பிளோறன்ஸ் அக்கா, நொய்ஸில் கோபாலன் அண்ணை. இரண்டு நாள் பயணத்தை அவர் நாலு நாளாக்கினார். பிறின்சி காட்சிகளைப் பார்த்துக் கீறிய கோட்டை அவர் கறிகளைப் பார்த்து வளைத்தார். நொய்ஸ் வரை சிக்கல் இல்லை. அதற்கப்பால் கேவலார் வரை பற்றரி தாங்காது. இரண்டாவது பற்றரி வாங்கலாம் என்றால் அந்த மொடல் பற்றரியை இப்போது தயாரிப்பதில்லை. நடுவில் ஒரு பிளக் வேண்டும். நடுவில் இருந்தது கிறேஃபெல்ட். கிறேஃபெல்டில் இருந்தவர் கொட்வின்.

கொட்வினும் யாகோப்பும் அகதிகள் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒரு குளிர்ச்சட்டையை முறை வைத்துப் போட்டவர்கள். போன வருடம் கொட்வினின் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய விருந்துக்கு யாகோப்பு சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார். மாலையில் நொய்ஸ் வரை ஓடிப் பார்க்கும் திட்டம். பற்றரியைக் குசினியில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு முன்னறையில் பாடிக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் கூடிவிட்டார்கள், சோறு காணவில்லை. கொட்வின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு றைஸ் குக்கரைப் போட்டார். திரும்பிப் போட மறந்தார்.

நடுவழியில், மழையில், மோட்டர் செத்தது. அந்தச் சைக்கிளை யாகோப்பு தள்ளிக்கொண்டு போனார். ஸ்டேஷனில் நின்று ஃபோன் எடுத்தார்.

"அறிவிருக்கோடா உனக்கு? மனிசன்ர பற்றரியைப் பிடுங்குவியோ?"

"வந்த சனத்துக்கு உன்ர மோட்டரையே அவிச்சுக் குடுக்கிறது?"

"இனி உன்ர வாசல்படி மிதிச்சா நான் பேசாலையான் இல்லை."

அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆனால் கிறேஃபெல்டில் ஹோட்டலில் தங்கவும் அவர் உடன்படவில்லை. "கொட்வின் இருக்கிற ஊரிலை நான் ஹோட்டலிலை படுக்கிறதோ? அவனை நாலு சனம் என்ன நினைக்கும்?" கோபம் அவருக்கும் கொட்வினுக்கும் இடையில்தான். மரியாதை ஊரோடு சம்பந்தப்பட்டது. ஆகவே கொட்வினிடம் கேட்டால் நேர்த்தி, கேட்காவிட்டால் நேர்த்தி இல்லை. ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்தது. அன்றிரவு ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம், ஜேர்மனிக்கும் ஸ்பெயினுக்கும். "இண்டைக்கு எடுத்தாலும் அவனுக்குக் கேக்காது. கொடியோடை ரீவிக்கு முன்னாலை நிப்பான்" என்றார் யாகோப்பு. ஜேர்மனி தோற்றது. திங்கள் பிறின்சி மறுபடி கேட்டாள்.

"தோத்துப்போய் இருக்கிற மனிசனிட்டைப் போய்ப் பிளக் கேக்கிறது சரியில்லை."

செவ்வாய் காலை யாகோப்பு வேலையில் விழுந்தார். மாரடைப்பு. அவர் இயந்திரத்தை அணைக்கவில்லை. ஒரு கட்டடம் நிறைய டொக்டர்மார் இருந்தார்கள், உடனே வந்தார்கள், செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். மத்தியானம் நோயாளிகளுக்குச் சூப் கழுவிய கோப்பைகளில்தான் போனது. அதைக் கேட்டிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

அடக்கம் முடிந்து பங்கு மண்டபத்தில் கோப்பியும் ரோல்ஸும் கொடுத்தார்கள். கொட்வின் கிறேஃபெல்டிலிருந்து வந்திருந்தார். கல்லறையில் எல்லாரையும்விட உரக்க அழுதவர், இப்போது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். பிறின்சி பக்கத்தில் போனாள்.

"பிள்ளை, மச்சான் என்னைப் பற்றி ஏதும் சொன்னவனோ?"

பிறின்சிக்கு ஆறுதலாகப் பொய் சொல்ல வராது. அது அப்பாவின் துறை.

"உங்களிட்டை ஒரு பிளக் கேக்க இருந்தவர்."

நேர்த்தியை, வழியை, பற்றரியை எல்லாம் சுருக்கமாகச் சொன்னாள். கொட்வின் தலையாட்டிக் கேட்டார்.

"எப்ப கேக்க இருந்தவன்?"

"ஞாயிறு. அண்டிரவு ஃபுட்போல் மச் எண்டு விட்டிட்டார். திங்கள், ஜேர்மனி தோத்த கவலையிலை இருப்பீங்கள் எண்டு விட்டிட்டார்."

"நான் ஸ்பெயினுக்கெல்லோ கத்தினனான்!" கொட்வின் சிரிக்கத் தொடங்கினார். அது பாதியிலேயே வேறாகிவிட்டது. "திங்கள் கேட்டிருந்தானெண்டா வீட்டுச் சாவியையே குடுத்திருப்பன்."

"அம்மாவுக்கு நேர்த்தி கிடக்குது எண்டு கவலை. ஆவணியிலை நான் ஓடுறன். அப்ப, நான் கேக்கிறன் மாமா. பிளக் தருவீங்களோ?"

"நீ வா. பிளக் என்ன, படுக்கை, சாப்பாடு, எல்லாம் இருக்கு. உனக்கு ஆர் இல்லையெண்டது?" அவர் கோப்பையை மேசையில் வைத்தார். "ஆனா நீ கேட்டது நீ கேட்டது. அவன் கேக்கேல்லை, பிள்ளை. அவன் ஃபோன் எடுத்துக் கேக்க, நான் ரெண்டு தரம் ஏலாதெண்டு சொல்ல, அவன் தூசணத்தாலை ஏச, பிறகுதான் நான் ஓம் எண்டு சொல்லுறதா இருந்தது."