பேரில்லாத நீர்வீழ்ச்சிக்கு வான் ஓடின காலம்

வாடகை வான் ஓடுறவனை ஏறேக்க கடவுளைப் போலப் பாப்பினம், இறங்கேக்க கதவை அடிச்சுச் சாத்திப்போட்டுப் போவினம். ஸ்டியரிங் பிடிச்சுப் பிழைச்ச உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. கொழும்பில, கொட்டாஞ்சேனையில இருந்துகொண்டு, சண்டைக் காலத்தில வெள்ளவத்தை லொட்ஜுகளுக்கு ஓடினவன் நான். லொட்ஜ் முழுக்க வெளிநாட்டுக்குப் போகக் காத்துக் கிடந்த சனம். முக்கால்வாசி ஓட்டம் எயார்போட்டுக்குத்தான். மிச்சம் ஒரு நீர்வீழ்ச்சிக்கு.

அவிசாவளை தாண்டி, றப்பர் தோட்டத்துக்குப் பின்னால வானை விட்டிட்டு, காட்டுக்குள்ள முக்கால் மணித்தியாலம் நடக்க வேணும். அந்த ஊர்ச் சிங்களச் சனம் அதைச் சும்மா "பொடி எல்ல" எண்டு சொல்லும். சின்ன நீர்வீழ்ச்சி எண்டு அர்த்தம். அதெல்லாம் ஒரு பேரோ? வடிவும் பெரிசா இல்லை, ஒரு தென்னை உயரம் வராது. ஆனா பேர்போன நீர்வீழ்ச்சி எல்லாத்திலயும் சனமும் பொலிசும் நிக்கும். இங்க ஒருத்தனும் வரமாட்டான். மாசக்கணக்கா அறைக்குள்ள அடைஞ்சு கிடந்த சனத்துக்கு அதுதான் பெரிய வடிவு.

பச்சை வான்

என்ர வான் முந்தி வெள்ளை. வெள்ளை வானில ஆக்களைக் கொண்டுபோறாங்கள், கொண்டுபோன ஆக்கள் திரும்பி வாறதில்லை எண்டு கதை பரவ, என்னைக் கண்டாலே லொட்ஜுப் பிள்ளையள் மேல்மாடிக்கு ஓடத் தொடங்கிச்சுதுகள். பிழைப்பு நாறிப்போச்சு. மருதானையில ஒரு கராஜில விட்டுப் பச்சை அடிப்பிச்சன். கண்றாவிப் பச்சை. அடிச்சவனே வெக்கப்பட்டான்.

வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில மேல்மாடி அறையில சரஸ்வதி அக்கா தன்ர மகன் ரூபனோட இருந்தவ. யாழ்ப்பாணத்தில சாவகச்சேரிப் பக்கத்து ஆக்கள். பெடியனுக்கு இருபது வயசு தாண்டியிருக்கும், கனடாவில இருக்கிற தமக்கை கூப்பிடும் வரைக்கும் காத்திருந்தவன். இளந்தாரியை ரோட்டில கண்டால் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு அக்கா அவனைப் படி இறங்க விடுறதில்லை. கடைக்குப் போறதும் அவதான், சாப்பாடு எடுக்கிறதும் அவதான். பக்கத்து அறைச் சனம் நீர்வீழ்ச்சிக்கு வெளிக்கிட, தானும் போகப்போறன் எண்டு அவன் தாயைக் கெஞ்சின கெஞ்சலைப் பாக்க எனக்கே அந்தரமாக் கிடந்தது. கடைசியா அக்கா கீழ இறங்கி வந்து, வானை ஒருக்காச் சுத்திப் பாத்திட்டு எனக்கு முன்னால வந்து நிண்டா.

"கூட்டிக்கொண்டு போறது ஆருக்கும் ஏலும் தம்பி. திருப்பிக்கொண்டு வருவன் எண்டு என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினன். வேற என்ன செய்யிறது?

ஆறில்லாத ஊர்

வழியில செக்பொயின்றில மறிச்சாங்கள். எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் பாத்தாங்கள். ரூபன்ர அட்டையை மட்டும் ஆமிக்காரன் திருப்பித் திருப்பிப் பாத்தான். எங்க போறியள் எண்டு சிங்களத்தில கேட்டான். "தியஎல்ல பாக்க, மஹத்தயா" எண்டன். யாழ்ப்பாணத்தில தியஎல்ல இல்லையோ எண்டான். நீர்வீழ்ச்சி என்ன, அங்க ஆறே இல்லை, கிணறுதான் எண்டு சொன்னன். பொய் சொல்லுறன் எண்டு நினைச்சு அவனுக்குக் கோவம் வந்திட்டுது.

மண்மூட்டைக்குப் பின்னால இருந்த மற்றவனைக் கூப்பிட்டுக் கேட்டான். நல்லகாலம், அவன் யாழ்ப்பாணத்தில நிண்டு வந்தவன். ஓம், உண்மைதான், தானும் அங்க வாளியால அள்ளித்தான் குளிச்சது எண்டான். முதல் ஆமிக்காரன் அட்டையை ரூபன்ர கையில குடுத்திட்டு மற்றவனைப் பாத்துச் சொன்னான்: "அனே பவ், ஐயோ பாவம்! ஒரு ஆறு கூட இல்லாத ஊருக்கா நாங்கள் இவ்வளவு சண்டை பிடிக்கிறம்?"

காலடி

காட்டுக்குள்ள எங்களைக் கூட்டிக்கொண்டு போறவர் பியதாச அய்யே; அய்யே எண்டால் சிங்களத்தில அண்ணை. றப்பர் பால் வெட்டிற மனிசன். முன்னால கத்தியோட போவார், அதுக்கு முதல் ரத்தம் குடிக்கிற அட்டை ஏறாமல் எல்லாற்ற காலிலயும் சவர்க்காரம் பூசச் சொல்லுவார். பூசாதவரைக் காட்டுக்குள்ள விடமாட்டார், அவ்வளவு பிடிவாதம்.

அண்டைக்கு நடை நகரேல்லை. திரும்பிப் பாத்தால் எங்கட சனம் ஒராளுக்குப் பின்னால ஒராள், முன்னுக்குப் போறவர் கால் வைச்ச அதே இடத்தில கால் வைச்சுக்கொண்டு வருகுது. ஒராளும் பாதையை விட்டு விலத்தேல்லை. "இதென்னடாப்பா, நடக்கத் தெரியாதோ?" எண்டு பகிடி பண்ணினன். ரூபன்தான் சொன்னவன், ஊரில கண்ணிவெடிக்குப் பயந்து இப்பிடித்தான் நடந்து பழகினதாம். கொழும்பில பிறந்து வளந்தவனுக்கு என்ன தெரியும்?

கொஞ்சத் தூரம் போக, ரூபனுக்குக் கால் வழுக்கி, பாதைக்கு வெளிய சருகுக்குள்ள புதைஞ்சுபோச்சு. அவ்வளவுதான், பெடியன் அசையேல்லை. பின்னால வந்த பொம்பிளையள் அழத் தொடங்கிச்சினம். காலை எடுத்தால் வெடிக்கும் எண்டு அவையளுக்கு நினைப்பு. நான் சிங்களத்தில விசயத்தைச் சொல்ல, பியதாச அய்யே சிரிக்கேல்லை. வந்து குந்தி, அவன்ர காலைச் சுத்தி இருந்த சருகை ரெண்டு கையாலயும் மெல்ல மெல்ல விலக்கி மண்ணைக் காட்டினார்.

"இந்த மண்ணுக்குள்ள அட்டையும் புழுவும் மட்டுந்தான் தம்பி. எங்க வேணுமெண்டாலும் காலை வை."

சத்தம்

தண்ணியைக் கண்ட உடன சனம் கரையிலயே நிண்டிட்டுது. அவ்வளவு தண்ணி சும்மா விழுந்து சும்மா ஓடுறதை அதுகள் கண்டதில்லை. பிறகு ரூபன்தான் முதல் இறங்கினான். நேரா விழுற தண்ணிக்குக் கீழ போய் நிண்டு, "அம்மா, எனக்குப் பசிக்குதூ!" எண்டு கத்தினான் பாருங்கோ, காடே அதிர்ந்துது.

லொட்ஜில தமிழில உரத்துக் கதைக்கவே பயம். ரோட்டுக்குக் கேக்கும், ஆரும் சொல்லிக் குடுத்திடுவாங்கள் எண்டு அக்கா அவனைக் குசுகுசுத்தே கதைக்கப் பழக்கியிருந்தா. அவன் கத்த, மற்றதுகளும் தொடங்கிட்டுதுகள். ஊர்ப் பேரைச் சொல்லிக் கத்தினவை, கடவுளைத் திட்டிக் கத்தினவை, சும்மா ஊவெண்டு கத்தினவை. தண்ணி எல்லாத்தையும் மூடிப்போட்டுது. நானும் கத்தினன், ஏன் மறைப்பான்? என்ன கத்தினனெண்டு கேக்காதேங்கோ.

கரைக்கு ஏறி வரேக்க ரூபனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு, கதை வரேல்லை. கரகரத்த குரலில சொன்னான்: "அண்ணை, எனக்கு இவ்வளவு பெரிய சத்தம் இருக்கெண்டதே மறந்துபோச்சு."

ரத்தம்

பொழுதுபடமுன்னம் லொட்ஜுக்கு வந்திட்டம். அக்கா கேற்றிலயே நிண்டா, காலமை தொட்டு அந்த இடத்திலதான் நிண்டவவாம். ரூபன் இறங்க, அவன்ர குதிக்காலில ரத்தம் வழிஞ்சு சப்பாத்தெல்லாம் நனைஞ்சிருந்துது. குரலும் இல்லை. அக்கா ஓடி வந்து, ஆர் அடிச்சது, எங்க வைச்சு அடிச்சவங்கள் எண்டு குழறி, அவன்ர சேட்டைத் தூக்கி முதுகெல்லாம் பாக்கிறா. அவன் சிரிச்சுச் சிரிச்சு, அட்டை அம்மா, அட்டை எண்டு சொல்ல, குரல் வராமல் கையை அட்டை மாதிரி நெளிச்சுக் காட்டுறான். விளங்கின பிறகும் முதுகை ஒருக்கா முழுக்கத் தடவிப் பாத்தா. எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்து சொன்னா: "சொன்னது சொன்னபடி கொண்டுவந்து தந்திட்டியள். நீங்கள் நல்லா இருப்பியள் தம்பி."

அக்காவின்ர கேள்வி

அடுத்த கிழமை பட்டப்பகலில லொட்ஜுக்கே வந்து ரூபனைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். வந்தது ஆர், என்ன வான், ஒருத்தரும் காணேல்லையாம். கண்டவையும் சொல்லமாட்டினம், அவையும் பாவம். அக்கா அந்த நேரம் அவனுக்குப் பாண் வாங்கக் கடைக்குப் போயிருந்தவ.

அதுக்குப் பிறகு அவவை ஏத்திக்கொண்டு நான் போகாத பொலிஸ் இல்லை, போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை. நான் வெளிய வானுக்குள்ள இருப்பன். அவ உள்ள போய் வெறுங்கையோட வருவா. ஒருநாள் கந்தோருக்கு வேண்டாம், அந்த நீர்வீழ்ச்சிக்கு விடுங்கோ எண்டா. முழங்கால் வருத்தத்தோட அவ்வளவு தூரமும் நடந்தா. பியதாச அய்யே கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தார், அவருக்கும் விசயம் தெரியும்.

தண்ணியை அவ பெரிசாப் பாக்கேல்லை. காட்டைத்தான் சுத்திச் சுத்திப் பாத்தா. இஞ்ச பொலிஸ் ஆமி வாறவங்களோ எண்டு அவரிட்டைக் கேக்கச் சொன்னா. தான் அறிய ஒருக்காலும் வந்ததில்லை எண்டார். மழைக்கு ஒதுங்க இடம் இருக்கோ? மேல ஒரு கல்லுக்குகை இருக்காம், ரெண்டு பேர் படுக்கலாமாம். சாப்பிட? பலா இருக்கு, கித்துள் இருக்கு, என்ர வீடு கிட்டத்தானே எண்டார் மனிசன். மனம் பேதலிச்சுக் கேக்கிறா எண்டு நினைச்சு, நானும் ஒவ்வொண்டாத் தமிழில சொல்லிக்கொண்டு நிண்டன்.

எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டு அவ என்ர பக்கம் திரும்பினா. கோவமில்லை, கண்ணீரில்லை, உண்மையாவே தெரியாமல் கேக்கிற மாதிரிக் கேட்டா:

"அப்ப ஏன் தம்பி அவனைத் திருப்பிக் கொண்டுவந்தனீங்கள்?"

இப்பவும் வான்தான் ஓடுறன், ஏறின ஆக்களை ஒருத்தரும் குறையாமல் வீட்டு வாசலில கொண்டுவந்து இறக்கிறன், அது நல்ல வேலைதானோ எண்டு மட்டும் என்னட்டைக் கேட்டிடாதேங்கோ.